ஹார்ட் அட்டாக்குக்கு நேரம் காலம் உண்டா?

ஹார்ட் அட்டாக் எப்ப வேணா வரும், அதுக்கு நேரம் காலம் கெடயாதுன்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்றதுதான். எப்ப வேணா வரும்ங்கறது சரி. ஆனா 24 மணி நேரத்துலயும் ஒரே அளவுக்கு வருதான்னு கேட்டா வரல, வந்தா ஒரே அளவுக்கு சேதம் பண்ணுதான்னு கேட்டா அதுவும் பண்ணல, வந்தவங்க பொழைக்கறதும் நேரத்துக்கு நேரம் மாறுது. எப்ப வருது, எவ்ளோ சேதம் ஆவுது, எத்தன பேரு பொழைக்கறாங்க, இந்த மூணும் வேற வேற கேள்வி, மூணுக்கும் காரணமும் வேற வேற. வாட்ஸப்புல வர்றதெல்லாம் மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி, விடிகாலைல பாத்ரூம் போனாலே ஆபத்துன்ற அளவுக்கு ஜனங்கள பயமுறுத்தி வெச்சிருக்கு, அதனாலதான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு எழுதறேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலின்னு நம்ம வட சென்னை சைடுல எவ்ளோ பேரு ராத்திரி ஷிப்ட், விடிகாலை வேலைன்னு ஓடறாங்க, அவங்களுக்கு இது நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல்ல அட்டாக்குன்னா என்னன்னு ரெண்டு வார்த்தை. இதயம் உடம்பு பூரா ரத்தம் அனுப்புது, ஆனா அதுக்கே ரத்தம் வேணும்ல, அத கொண்டு வர்றது கரோனரி ரத்தக் குழாய்ங்க. இந்தக் குழாய் உள்சுவத்துல வருஷக்கணக்கா கொழுப்பு படியும், படிஞ்ச கொழுப்பு மேல மெல்லிசா ஒரு தோல் மாதிரி மூடி இருக்கும், என்னைக்காவது ஒரு நாள் அந்த மூடி விரிசல் விட்டா உடம்பு அத காயம்னு நெனச்சு அங்க ரத்தத்த உறைய வெக்குது. ரத்தத்த உறைய வெக்கற தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓடி வந்து ஒட்டிக்கும், கட்டி உருவாகும், குழாய் அடைச்சுக்கும். அடைப்புக்கு அந்தப்பக்கம் இருக்குற தசைக்கு ஆக்சிஜன் இல்ல. குழாய் முழுசா அடைச்சுடுச்சுன்னா சுமாரா 20-லேர்ந்து 40 நிமிஷத்துக்குள்ள அந்தத் தசை சாக ஆரம்பிக்குது, உள்பக்கம் முதல்ல போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிப்பக்கம் பரவும், 6 மணி நேரம் ஆயிடுச்சுன்னா காப்பாத்தறதுக்கு மிச்சம் இருக்குறது ரொம்ப கம்மி. செத்த தசை திரும்ப வளராது, தழும்பா மாறிடும், தழும்பு சுருங்கி விரியாது. அட்டாக்கு பெருசா சின்னதான்னு டாக்டருங்க பேசறது பெரும்பாலும் இதத்தான், எவ்ளோ தசை போச்சு, மிச்சம் எவ்ளோ பம்ப் பண்ணுது. வலி எவ்ளோ இருந்துச்சுங்கறது இதுல அளவுகோலே கெடயாது, லேசா நெஞ்சு கரிச்சதுன்னு வந்தவங்களுக்கும் பெரிய அடைப்பு இருக்கலாம்.

சரி, எப்ப வருதுங்கறத பாப்போம். காலைலதான் ஜாஸ்தி வருதுன்னு டாக்டருங்களுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஆனா நிரூபிக்கறது ஈஸி இல்ல. ஏன்னா ராத்திரி தூக்கத்துல ஆரம்பிச்ச அட்டாக்க காலைல முழிச்சதும்தான் ஆளு உணர்ந்திருக்கலாம்ல, அப்ப காலைல ஜாஸ்தின்னு தெரியறது வெறும் கண்கட்டா கூட இருக்கலாம். 1985-ல ஜேம்ஸ் முல்லர்னு அமெரிக்க இதய டாக்டரும் அவரு கூட இருந்தவங்களும் இத ரொம்ப புத்திசாலித்தனமா சரி பண்ணாங்க. 2,999 நோயாளிங்ககிட்ட வலி எத்தன மணிக்கு ஆரம்பிச்சதுன்னு கேட்டதோட விடல, 703 பேருக்கு ரத்தத்துல ஒரு என்சைம் எப்ப ஏற ஆரம்பிச்சதுன்னும் பாத்தாங்க. இதயத் தசை செத்தா அதுலேர்ந்து சிகே-எம்பின்னு ஒரு என்சைம் கசிஞ்சு ரத்தத்துக்கு வரும், அது வர்ற நேரத்த வெச்சு அட்டாக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னு பின்னாடி கணக்குப் போட்டுடலாம், ஆளு தூங்கிட்டு இருந்தாரா முழிச்சிருந்தாரான்ற பிரச்சனையே இல்ல. அப்படிப் பாத்தும் அதே பதில்தான் வந்துச்சு. காலைல 9 மணி சுமாருக்கு உச்சம், ராத்திரி 11 மணி சுமாருக்கு ரொம்ப கம்மி, ரெண்டுக்கும் வித்தியாசம் மூணு மடங்கு.

அதுக்கப்புறம் பல நாட்டு ஆய்வுகளயும் சேத்து 1997-ல ஒரு கணக்கு போட்டாங்க. காலை 6-லேர்ந்து மதியம் 12 வரைக்கும் இருக்குற நேரத்துல, மத்த நேரத்தோட ஒப்பிட்டா, அட்டாக்கு வர்ற வாய்ப்பு சுமார் 40 சதவீதம் ஜாஸ்தி. இந்த 40 சதவீதத்தப் பாத்து பயந்துடாதீங்க, ஏன்னா அதே கணக்குல காலை நேரத்தோட தனிப்பட்ட தாக்கத்தால வர்ற அட்டாக்கு 11-ல ஒண்ணுதான், மிச்சம் 10 எந்த நேரமா இருந்தாலும் வந்திருக்கும். சிகரெட்டு, சுகர், பிபி, கொலஸ்ட்ரால் இதுங்க பண்றதுக்கு முன்னாடி கடிகாரம் ரொம்ப சின்ன ஆளு. திடீர்னு இதயம் நின்னு போறதும் இதே மாதிரிதான், அமெரிக்காவுல ஃபிராமிங்ஹாம்ன்ற ஊரு ஜனங்கள வருஷக்கணக்கா கவனிச்சு 1987-ல சொன்னது, காலை 7-லேர்ந்து 9 வரைக்கும் அது மத்த நேரத்தோட சராசரிய விட 70 சதவீதமாவது அதிகம்.

ஏன் காலைல? இதுக்கு ஒரே காரணம்னு எதுவும் இல்ல, நாலஞ்சு விஷயம் ஒரே நேரத்துல வந்து சேருது. முழிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடியே கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏற ஆரம்பிக்கும், முழிச்சு எழுந்ததும் அட்ரினலின் ஏறும், பிபி ஏறும், இதயம் வேகமாத் துடிக்கும், ரத்தக் குழாய் கொஞ்சம் இறுகும். இதெல்லாம் உடம்பு நம்மள படுக்கைலேர்ந்து எழுப்பி வேலைக்குத் தயார் பண்ற ஏற்பாடு, கெட்ட விஷயமே கெடயாது, நல்ல குழாய் இருக்குறவங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது. கூடவே ரத்தம் உறையற தன்மையும் காலைல ஜாஸ்தி. 1987-ல ஜெஃப்ரி டோஃப்ளர்னு ஒருத்தரும் முல்லரும் சேந்து ஒரு சோதனை பண்ணாங்க, காலைல எழுந்து நின்னவங்களுக்குத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கற தன்மை ஏறுச்சு, அதே ஆளுங்கள இன்னொரு நாள் எழுந்திரிக்காம படுத்தே இருக்கச் சொன்னப்ப அது ஏறல. அதாவது சூரியன் வந்துச்சா இல்லையான்றது தட்டணுக்குத் தெரியாது, நீங்க எழுந்து நின்னதுதான் அதுக்குத் தெரியுது.

ஆனா எல்லாமே எழுந்திரிக்கறதால மட்டும் வர்றதும் கெடயாது. ரத்தக் கட்டிய கரைக்கறதுக்கு உடம்புல ஒரு வேலை எப்பவும் நடந்துட்டே இருக்கும், அத தடுக்கற ஒரு புரதம் இருக்கு, பிஏஐ-1னு பேரு. அமெரிக்காவுல சில பேர வெளிச்சம் மங்கலா இருக்குற ரூம்ல வெச்சு, தூங்கற நேரம் சாப்பிடற நேரம் எல்லாத்தயும் நாள் பூரா மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாங்க, அப்பவும் இந்தப் புரதம் உடம்போட கணக்குப்படி காலைலதான் உச்சத்துக்குப் போச்சு. அப்ப உள்ள ஒரு கடிகாரம் தானா ஓடுதுன்னு அர்த்தம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு தெரியும்ல, கண்டெய்னர் லாரி வரிசை ஒரு பக்கம் நிக்கறது ஒரு விஷயம், ஸ்கூல் டைம்ல ஆட்டோ வேன் எல்லாம் வர்றது ஒரு விஷயம், எங்கயாவது ரோட்ட தோண்டிப் போட்டிருக்கறது ஒரு விஷயம், தனித்தனியா வந்தா எப்படியோ ஊந்து ஊந்து போயிடலாம், மூணும் காலைல எட்டரைக்கு ஒண்ணா வந்தா அசையாது. காலை நேரத்துல இதயத்துக்கு நடக்கறது அதுதான், பிபி ஏறறது கொழுப்பு மூடிய கிழிக்கப் பாக்குது, ரத்தம் கெட்டியா இருக்கறது கிழிஞ்ச எடத்துல கட்டிய வளக்குது, கட்டிய கரைக்கற சக்தி அந்த நேரம் பாத்து கம்மியா இருக்கு. முல்லரோட ஆய்வுலயே இன்னொரு விஷயம் தெரிஞ்சுது, அட்டாக்குக்கு முன்னாடியே பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்ககிட்ட இந்தக் காலை உச்சம் தெரியல. அட்ரினலின் இதயத்துல பண்ற வேலைய அந்த மாத்திரை தடுக்குது, அதனால இந்தக் கதைல அட்ரினலினுக்கு பெரிய பங்கு இருக்குன்னு புரியுது. மெட்டோபிரலால், அட்டினலால்னு யாராவது சாப்பிடறீங்கன்னா அதுங்க இந்த வகைதான், தீந்து போச்சுன்னு நாலு நாள் விட்டுடாதீங்க, திடீர்னு நிறுத்தறது ஆபத்து.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வர்றேன். காலை 6-லேர்ந்து 12ன்றது ராத்திரி தூங்கி காலைல எழற ஆளோட கணக்கு. காசிமேட்டுல ஏலம் விடியறதுக்கு முன்னாடியே சூடு புடிச்சிடும், அங்க ஐஸ் ஒடைக்கற அண்ணன், கூடை தூக்கற அக்கா, வண்டி ஓட்டறவரு எல்லாரும் ஒரு மணி ரெண்டு மணிக்கே எழுந்து வந்து நிக்கறவங்க. அவங்க உடம்புல எழுந்து நின்னதால ஏறற பிபி, ஒட்டிக்கற தட்டணு எல்லாம் அப்பவே ஏறிடுது, ஆனா உள்ள இருக்குற கடிகாரம் இன்னும் நடுராத்திரின்னுதான் நெனச்சுட்டு இருக்கு. அதுல எழுந்த கையோட, பச்சத்தண்ணி கூட குடிக்காம, டீயும் பீடியுமா போயி ஐம்பது கிலோ கூடைய தூக்கறது. அட்டாக்கு வர்றது எழுந்ததுக்கு அப்புறம் முதல் சில மணி நேரத்துல ஜாஸ்தின்னு ஆய்வுங்க சொல்லுது, அதனால ஷிப்ட் வேலை பாக்கறவங்க செவுத்து கடிகாரத்த விட்டுட்டு "நான் எழுந்து எவ்ளோ நேரம் ஆச்சு"ன்னு கணக்கு பண்றதுதான் சரின்னு நெனக்கறேன். மணலி கம்பெனிங்க, ஹார்பர், எண்ணூர் பக்கம் இருக்குற பவர் பிளான்ட்டுங்கன்னு எல்லா எடத்துலயும் வாரம் ஒரு ஷிப்ட் மாறும், அது இன்னும் மோசம், உள் கடிகாரம் ஒரு ஷிப்டுக்குப் பழகறதுக்குள்ள அடுத்த ஷிப்ட் வந்துடும். ஷிப்ட் வேலை பாக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வாய்ப்பு சுமார் 23 சதவீதம் அதிகம்னு 2012-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு. வேலைய விட முடியாது, அது எனக்கும் தெரியும், ஆனா ஷிப்ட் ஆளுங்க 35 வயசுலயே பிபி, சுகர் பாக்க ஆரம்பிச்சுடணும், கம்பெனிங்களும் அத கட்டாயம் பாத்துக் குடுக்கணும்.

அடுத்த கேள்வி, ஒரே மாதிரி அடைப்பு காலைல வந்தா சேதம் ஜாஸ்தியா? இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த விஷயம். 2011-ல மாட்ரிட்ல 811 நோயாளிங்களோட கணக்கப் பாத்தாங்க, எல்லாருக்கும் குழாய் முழுசா அடைச்ச வகை அட்டாக்கு. வலி காலை 6-லேர்ந்து 12-க்குள்ள ஆரம்பிச்சவங்களுக்கு, சாயங்காலம் 6-லேர்ந்து ராத்திரி 12-க்குள்ள ஆரம்பிச்சவங்கள விட சுமார் 21 சதவீதம் அதிகமா தசை போயிருந்துச்சு. அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல அடுத்த வருஷம் இன்னொரு குழு பாத்தப்ப ராத்திரி 1 மணி சுமாருக்கு ஆரம்பிச்ச அட்டாக்குதான் பெருசுன்னு வந்துச்சு. அதனால இத்தன மணிக்கு வந்தா இவ்ளோ சேதம்னு அட்டவணை போட்டு ஒட்டற அளவுக்கு இது இன்னும் வரல. ஆனா நாளோட நேரத்துக்கு ஏத்த மாதிரி இதயத் தசையோட தாக்குப்புடிக்கற சக்தி கூடுது கொறையுதுன்னு பல பக்கத்துலேர்ந்தும் ஆதாரம் வந்துட்டு இருக்கு.

அது எப்படி? மூளைல, கண் நரம்புங்க ரெண்டும் குறுக்கால போற எடத்துக்கு மேல, ஒரு சின்ன செல் கூட்டம் இருக்கு, அதுதான் மெயின் கடிகாரம், வெளிச்சத்தப் பாத்து நேரத்த சரி பண்ணிக்கும். அது போக உடம்புல கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுலயும் தனித்தனியா கடிகாரம் இருக்கு, இதயத் தசை செல்லுலயும் இருக்கு. சில ஜீன்கள் புரதத்த செய்யும், அந்தப் புரதம் சேந்து சேந்து அதே ஜீன அணைக்கும், புரதம் கரைஞ்சதும் ஜீன் திரும்ப வேலைய ஆரம்பிக்கும், இந்தச் சுத்து ஒரு தடவ முடிய சுமார் 24 மணி நேரம். இத பழ ஈக்கள்ல கண்டுபுடிச்ச ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூணு பேருக்கும் 2017-ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. இதயத் தசைல ஆயிரக்கணக்கான ஜீன்கள் இந்தக் கடிகாரத்தோட தாளத்துக்கு ஏறி எறங்குது, எந்த எரிபொருள எரிக்கறது, ஆக்சிஜன் கம்மியானா எப்படி சமாளிக்கறது, சேதத்த எப்படி ரிப்பேர் பண்றதுன்னு. 2025-ல நேச்சர் இதழ்ல ஹூஸ்டன் ஆராய்ச்சியாளருங்க எலிங்கள வெச்சு ஒரு கட்டுரை போட்டாங்க, பிமால்-1னு ஒரு கடிகாரப் புரதம், ஆக்சிஜன் கம்மியாகறத உணர்ற ஹெச்ஐஎஃப்-2ஏன்ற இன்னொரு புரதத்தோட கை கோத்துதான் இந்த நேர வித்தியாசத்த உண்டாக்குதுன்னு. எலிக்கு ராத்திரிதான் பகல், அதனால அந்த மணிக்கணக்க அப்படியே மனுஷனுக்குப் போடக் கூடாது.

மனுஷங்ககிட்ட இதுக்கு நல்ல உதாரணம் பிரான்ஸ்ல லீல் நகரத்துலேர்ந்து 2018-ல வந்துச்சு. வால்வு மாத்தற ஆபரேஷன்ல இதயத்த கொஞ்ச நேரம் நிறுத்தி வெப்பாங்க, அப்ப அதுக்கு ரத்தம் கம்மியாகும், திரும்ப வரும், ஒரு வகைல அட்டாக்குல நடக்கறதுதான், ஆனா டாக்டருங்க கைக்குள்ள. 596 பேரப் பாத்ததுல, மதியத்துக்கு மேல ஆபரேஷன் ஆனவங்களுக்கு அப்புறம் வந்த பெரிய இதயப் பிரச்சனைங்க, காலைல ஆனவங்கள விட பாதிதான் இருந்துச்சு. இதப் படிச்சுட்டு டாக்டர்கிட்ட போயி எனக்கு மதியம்தான் ஆபரேஷன் பண்ணணும்னு அடம் புடிக்காதீங்க, அது ஒரே ஒரு ஆஸ்பத்திரியோட அனுபவம், டீம் எப்ப தயாரோ அதுதான் நல்ல நேரம்.

ராத்திரி 12-லேர்ந்து விடிகாலை 6 வரைக்கும் வர்ற அட்டாக்கப் பத்தி தனியா ஒண்ணு சொல்லணும். சாதாரணமா இது கம்மியான நேரம். ஆனா அந்த நேரத்துல அட்டாக்கு வந்தவங்கள அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல சோதிச்சுப் பாத்தப்ப பத்துல ஒம்பது பேருக்கு தூக்கத்துல மூச்சு அடைக்கற வியாதி இருந்துச்சு. பயங்கரமா கொறட்டை விடுவாங்க, நடுவுல சத்தம் அப்படியே நின்னு போகும், ஒரு பத்து இருபது செகண்டு கழிச்சு மூச்சு முட்டி எழுந்த மாதிரி ஒரு பெரிய கொறட்டையோட திரும்ப ஆரம்பிக்கும், பகல்ல உக்காந்த எடத்துல தூங்கி விழுவாங்க. நம்ம வீடுங்கள்ல கொறட்டைய சிரிச்சுட்டு விட்டுடறாங்க. நடுவுல மூச்சு நிக்குதுன்னா அத நுரையீரல் டாக்டர்கிட்டயோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயோ காட்டணும், லாரி ஓட்டறவரா இருந்தா ரெண்டு மடங்கு முக்கியம்.

சரி, மூணாவது கேள்வி, பொழைக்கறது. இங்கதான் கடிகாரம் உடம்ப விட்டு வெளிய வருது. ஆஸ்பத்திரிக்கும் ராத்திரி பகல் இருக்கு. அடைப்ப நீக்கறதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு கட்டிய கரைக்கற ஊசி, இன்னொண்ணு கை இல்லன்னா தொடை வழியா ஒயர் விட்டு பலூன ஊதி ஸ்டென்ட் வெக்கறது, நாம ஆஞ்சியோன்னு சொல்றது. ஊசி போட 30 நிமிஷத்துக்குள்ள, பலூன் ஊத 90 நிமிஷத்துக்குள்ளன்னு வாசல்லேர்ந்து கணக்கு வெச்சிருக்காங்க. பகல்ல கேத் லேப்புல, அதாவது இந்த ஒயர் விடற வேலை நடக்கற ரூம்ல, டீம் ரெடியா இருக்கும். ராத்திரி பல ஆஸ்பத்திரில டாக்டர், டெக்னீஷியன், நர்ஸ் வீட்டுலேர்ந்து கெளம்பி வரணும். 2014-ல சுமார் 19 லட்சம் நோயாளிங்க கணக்க சேத்துப் பாத்தப்ப, ராத்திரியும் லீவு நாள்லயும் வந்தவங்களுக்கு பலூன் ஊத சராசரியா 15 நிமிஷம் கிட்ட லேட், சாவும் ஒரு 6 சதவீத அளவுக்கு ஜாஸ்தி. நூத்துக்கு ஆறு பேரு கூடுதலா சாவறாங்கன்னு இத புரிஞ்சுக்காதீங்க, ஏற்கனவே இருக்குற ஆபத்து அதுலேர்ந்து கொஞ்சம் கூடுது, அவ்ளோதான்.

ஆனா இந்த 15 நிமிஷத்தப் பேசறதுக்கு முன்னாடி நாம வீட்டுல விடற நேரத்தப் பேசணும். இந்தியாவுல 50 ஊருங்கள்ல 20,468 நோயாளிங்கள வெச்சு கிரியேட்னு ஒரு பெரிய ஆய்வு 2008-ல லான்செட்ன்ற மருத்துவ இதழ்ல வந்துச்சு. வலி ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வாசலுக்கு வர நடுவாந்திர நேரம் 360 நிமிஷம். ஆறு மணி நேரம்ங்க. ஆஸ்பத்திரிக்குள்ள போயி ஊசி போட ஆனது 50 நிமிஷம்தான். மேல சொன்னேன்ல, ஆறு மணி நேரத்துல தசை கிட்டத்தட்ட முழுசா போயிடும்னு, அந்த ஆறு மணி நேரத்தயும் நாம வீட்டுலயும் வழியிலயும் செலவு பண்ணிட்டு வர்றோம். அதே ஆய்வுல 30 நாளுக்குள்ள எறந்தவங்க ஏழைங்கள்ல 8.2 சதவீதம், வசதியானவங்கள்ல 5.5 சதவீதம். இந்த நம்பரப் பாத்தா எனக்கு மனசு ஆறல.

நம்ம வீடுங்கள்ல அந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ராத்திரி ரெண்டு மணி, ஆளு எழுந்து உக்காந்துருக்காரு, உள்ளங்கைய நெஞ்சுக்கு நடுவுல வெச்சு தேய்க்கறாரு, பனியன் வேர்வைல நனஞ்சு முதுகோட ஒட்டியிருக்கு, ஃபேன் ஓடிட்டுதான் இருக்கு. வீட்டுக்காரம்மா, "இன்னாங்க பண்ணுது, ஆஸ்பத்திரி போலாம் வாங்க"ன்னு கேக்கும். "ஒண்ணும் இல்லமே, கேஸு, நைட்டு பரோட்டா துன்னது ஒத்துக்கல. இந்த நேரத்துல யார எழுப்புவ? விடியட்டும் பாத்துக்கலாம்." அப்புறம் ஜெலுசில், அப்புறம் சோடா, அப்புறம் ஓமத்தண்ணி, அப்புறம் பக்கத்து வீட்டு பையனோட பைக்கு. இதே வலி பகல்ல பதினோரு மணிக்கு வந்திருந்தா ஆட்டோ புடிச்சு போயிருப்பாங்க. கேத் லேப் டீம் வர்ற 15 நிமிஷ லேட்ட நாம சரி பண்ண முடியாது, இந்த "விடியட்டும்"ஐ பண்ணலாம். சொல்லப்போனா ராத்திரி நம்ம பக்கம் ரோடு காலியா இருக்கும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல காலைல மாட்டி நிக்கறத விட ராத்திரி சீக்கிரமே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். ஸ்டான்லி, சென்ட்ரல் எதிர்ல இருக்குற ராஜீவ் காந்தி ஜிஹெச் ரெண்டுலயும் எமர்ஜென்சி 24 மணி நேரமும் தொறந்திருக்கு, இதயப் பிரிவும் கேத் லேப்பும் இருக்கு. காசு இல்லன்னு யாரும் விடியற வரைக்கும் உக்கார வேண்டியதில்ல.

வண்டி விஷயம். பைக்குல நடுவுல உக்கார வெச்சு கூட்டிட்டுப் போறது ரொம்ப ஆபத்து, அட்டாக்குல முதல் ஒரு மணி நேரத்துலதான் இதயம் தாறுமாறா துடிச்சு மயங்கி விழற வாய்ப்பு அதிகம், பைக்குல அது நடந்தா ஒண்ணும் பண்ண முடியாது. 108-க்கு அடிங்க, நெஞ்சு வலின்னு முதல் வார்த்தைலயே சொல்லுங்க, வயசு சொல்லுங்க, சந்துக்குள்ள வீடுன்னா தெருமுனைல ஒரு ஆள நிக்க வைங்க, ஏன்னா பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு குடியிருப்பு சந்துங்கள்ல வண்டி வந்துட்டு வீடு தெரியாம சுத்தறதுலயே நேரம் போயிடும். ஆளு நடந்து படி எறங்கக் கூடாது, நாற்காலில உக்கார வெச்சு தூக்கிட்டு வாங்க.

எல்லாருக்கும் நெஞ்சு வலிதான் வரும்னும் இல்ல. பொம்பளைங்களுக்கும் சுகர் இருக்குறவங்களுக்கும் வெறும் மூச்சு வாங்கறது, தாடை இழுக்கறது, முதுகு வலி, திடீர் வேர்வை, வாந்தி, காரணமே இல்லாம ரொம்ப அசதி, இப்படியும் வரும். சுகர் இருக்குறவங்ககிட்ட காலை உச்சமும் பல ஆய்வுங்கள்ல மங்கலாத்தான் தெரியுது, அவங்க எந்த நேரமும் பாதுகாப்பான நேரம்னு நெனக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலை ஈசிஜி. சட்டைய கழட்டி, நெஞ்சுல ஆறு எடத்துல ஜில்லுனு ஜெல் தடவி ரப்பர் கப்ப ஒட்டுவாங்க, கை கால்ல நாலு கிளிப், ஆடாம மூச்ச இழுத்து விடுங்கன்னு சொல்லுவாங்க, கட்டம் போட்ட பேப்பர் கிர்ருனு வெளிய வரும். குழாய் முழுசா அடைச்சிருந்தா, ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் கீழ்க் கோட்டுக்கு வந்து சமமா ஓட வேண்டிய பகுதி மேலயே தூக்கிட்டு நிக்கும். இது ஒரு நிமிஷத்து வேலை, ஆனா ஒரு எச்சரிக்கை, முதல் ஈசிஜி நார்மலா வந்தாலும் அட்டாக்கு இல்லன்னு முடிவாகாது, வலி விடலன்னா கொஞ்ச நேரத்துல திரும்ப எடுக்கணும், தசை சேதத்தக் காட்டற ட்ரோபோனின்ன்ற ரத்தப் பரிசோதனைலயும் ஆரம்பத்துல தெரியாம சில மணி நேரம் கழிச்சுதான் அளவு ஏறலாம். "ஈசிஜி நல்லாதான்பா இருக்கு"ன்னு வீட்டுக்கு வந்துட்டு திரும்ப வலி வந்தா, வெக்கப்படாம திரும்பப் போங்க.

நம்ம ஸ்டேட்டுல ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கு. 2023-லேர்ந்து இதயம் காப்போம் திட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் நெஞ்சு வலின்னு வர்றவங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே 14 மாத்திரை குடுக்கறாங்க, ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. இதுல ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்கள் இன்னும் ஒட்டிக்காம தடுத்து, வழியில போற நேரத்த கொஞ்சம் சம்பாதிச்சுக் குடுக்குது. இதுக்கும் முன்னாடி, சின்ன ஆஸ்பத்திரிங்கள பெரிய கேத் லேப் ஆஸ்பத்திரியோட இணைச்சு, முதல்ல ஊசி போட்டு அப்புறம் ஆஞ்சியோவுக்கு அனுப்பற ஒரு முறைய தமிழ்நாட்டுல சோதிச்சாங்க, ஒரு வருஷத்துக்குள்ள எறக்கறவங்க 17.6 சதவீதத்துலேர்ந்து 14.2 சதவீதமா கொறஞ்சுதுன்னு 2017-ல வெளியிட்டாங்க. உடம்போட கடிகாரத்தத் தொடாமலே, ஏற்பாட்ட மாத்துனதால மட்டும் கெடச்சது இது.

அடிக்கடி வர்ற ரெண்டு சந்தேகம். காலைல ஆபத்துன்னா வாக்கிங்க நிறுத்திடலாமா? வேணாம். இதய நோயாளிங்களுக்கு ஆஸ்பத்திரி கண்காணிப்புல காலைல உடற்பயிற்சி குடுத்ததையும் மதியம் குடுத்ததையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, பிரச்சனை ரெண்டுலயும் ரொம்ப கம்மி. நடக்காம இருக்கறதுதான் பெரிய ஆபத்து. ஆனா எழுந்த கையோட ஓடாம, தண்ணி குடிச்சு, கொஞ்சம் நடமாடிட்டு, மெதுவா ஆரம்பிங்க, ஸ்டென்ட் வெச்சவங்க டாக்டர் சொன்ன அளவோட நிறுத்துங்க. பிபி மாத்திரைய ராத்திரி போட்டா காலை அட்டாக்க தடுக்கலாமா? கேக்க நியாயமாத்தான் இருக்கு, பிரிட்டன்ல 21,000-க்கும் மேல ஆளுங்கள வெச்சு சோதிச்சு 2022-ல முடிவு சொன்னாங்க, காலைல போட்டாலும் ராத்திரி போட்டாலும் அட்டாக்கு, பக்கவாதம், சாவு எதுலயும் வித்தியாசம் இல்ல. மறக்காம போட எந்த நேரம் வசதியோ அந்த நேரம் போடுங்க. ஷிப்ட் மாறுறவங்க மணிய வெச்சு போடறத விட, எழுந்து பல்லு விளக்குனதும்னு ஒரு வேலையோட சேத்து வெச்சுக்கிட்டா மறக்காது, ஆனா ஷிப்ட் மாறற அன்னைக்கு எப்படி போடறதுன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவ கேட்டுக்கங்க.

கடைசியா, எமர்ஜென்சில டாக்டர் கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தன மணிக்கு ஆரம்பிச்சது?"ன்னுதான் இருக்கும். கூட வந்தவங்க ஆளாளுக்கு ஒரு நேரம் சொல்லுவாங்க. ஊசி போடலாமா, ஆஞ்சியோவுக்கு நேரா தூக்கலாமான்றது அந்த பதில வெச்சுதான் போகுது, பொதுவா 12 மணி நேரத்துக்குள்ள வந்தவங்களுக்குத்தான் இதுல பலன் நல்லா இருக்கும், அதுலயும் ஊசி முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல ரொம்ப நல்லா வேலை செய்யும். அதனால வலின்னு சொன்ன உடனே மணியப் பாத்து ஃபோன்லயோ காலண்டர் பேப்பர்லயோ எழுதிடுங்க. வலி வந்து போயி வந்து போயி இருந்தா, விடாம புடிச்சது எப்பன்னு தனியா எழுதுங்க. தூக்கத்துலேர்ந்து வலியோட எழுந்திருந்தா, எழுந்த நேரம், கடைசியா நல்லா இருந்து படுத்த நேரம் ரெண்டையும் சொல்லுங்க. சாப்பிடற மாத்திரை அட்டைங்க, பழைய ஈசிஜி, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதெல்லாத்தயும் ஒரே கவர்ல போட்டு வாசக் கதவுக்குப் பின்னாடி மாட்டி வெச்சிருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு பீரோவ தேட வேண்டி இருக்காது.